நரிவால் ஆர்க்கிட்: முதலில் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள்

கேள்வி: ராணுவத்தில் இருக்கும் என் தம்பி, அசாம் தேஜ்பூரிலிருந்து லீவுக்கு வந்தபோது ஓர் ஆர்க்கிட் செடி கொண்டுவந்து கொடுத்தான். அங்கே பெண்கள் கொண்டையில் வைத்துக்கொள்ளும் பூவாம், நரிவால் மாதிரி தொங்குமாம். செம்மண், மணல், தொழுவுரம் கலந்து தொட்டியில் நட்டு, தினமும் தண்ணீர் விட்டு, ஹாலில் ஜன்னலோரம் ஒரு வருடத்துக்கு மேலாக வளர்க்கிறேன். பூக்கவே இல்லை. இப்போது அடி இலைகள் மஞ்சளாகி விழுகின்றன. இலை நுனிகளைப் பூச்சி கடித்த மாதிரி இருக்கிறது, மருந்தடித்தும் சரியாகவில்லை. வேர்கள் தொட்டிக்கு வெளியே எட்டிப் பார்க்கின்றன. அவற்றைப் பிடித்து மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடுகின்றன. கொல்லையில் ஒரு மாமரம் இருக்கிறது. அதில் கட்டலாமா என்றால், புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சிவிடும் என்கிறார் மாமியார். என்ன செய்வது? பூத்தால் நானும் தலையில் வைத்துக்கொள்ளலாமா?

மதுரை வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரி ஒன்று உண்டு. வேர்கள் தொட்டிக்கு வெளியே எட்டிப் பார்க்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். செடி இன்னும் உயிரோடு முரண்டுபிடிக்கிறது. எனக்கு மண் வேண்டாம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதைப் பிடித்துப் பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்றங்கால் ஆரம்பித்த புதிதில் நானும் இதைத்தான் செய்தேன். ஆந்தூரியத்துக்கு நன்றாக வந்த தென்னைநார்க் கழிவு இதற்கும் வரும் என்று நினைத்துப் பன்னிரண்டு செடிகளை அதில் நட்டேன். கார்த்திகை மழை முடியும்போது மூன்றுதான் மிச்சம்.

உங்களிடம் இருப்பது ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா. அசாமில் கொபௌ பூ என்பார்கள். கொபௌ என்றால் அங்கே புறா. அசாம், அருணாசலப் பிரதேசம் இரண்டுக்குமே இதுதான் மாநிலப் பூ. அவர்களுடைய ரொங்காலி பிஹு பண்டிகை நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வருகிறது. சரியாக அந்த நேரத்தில் இது பூக்கும் என்பதால், பிஹு ஆடும் பெண்களின் கொண்டையில் இதைப் பார்க்கலாம். ஒரே காம்பில் நூற்றுக்கு மேல் சின்னச் சின்னப் பூக்கள், வெள்ளையில் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள், கீழ்நோக்கி முழ நீளத்துக்குத் தொங்கும். யாரும் தொடுக்காமலே தொடுத்த சரம்.

இதை ஏதோ வடகிழக்கின் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். இலங்கை, இந்தியா தொடங்கித் தாய்லாந்து, வியட்நாம், ஜாவா, பிலிப்பைன்ஸ் வரைக்கும் இது உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இருக்கிறது. கேரளத்துச் செடிகளை டச்சுக்காரர்கள் படமெழுதித் தொகுத்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் நூலின் பன்னிரண்டாம் தொகுதியில் இது அஞ்சிலி மரவாழை என்ற பெயரில் வருகிறது. அது வெளிவந்தது 1693-இல். அஞ்சிலி என்பது காட்டுப்பலா வகை மரம். மரத்தில் வாழும் வாழை! பெயர் வைத்த ஆள் யாரோ, வளர்ப்பு முறையையும் சேர்த்தே வைத்துவிட்டார்.

இலை நுனி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்காக நீங்கள் வீணாக மருந்து அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்தப் பூச்சியும் கடிக்கவில்லை. இந்தச் செடியின் இலை பிறக்கும்போதே நுனி வெட்டுப்பட்ட மாதிரி, ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குட்டையுமாகத்தான் இருக்கும். ரெட்யூசா என்ற சொல்லே நுனி மழுங்கிப் பிளந்திருப்பதைக் குறிப்பது. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753-இல் இதற்குப் பெயர் வைத்தபோதே அதைக் கவனித்திருக்கிறார். ஆகவே அந்த மருந்தை நிறுத்திவிடுங்கள்.

சரி, வேருக்கு வருவோம். உங்கள் பிரச்சினை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பள்ளியில் தாவரவியல் படித்திருந்தால் வெலாமன் திசு என்று ஒன்று படித்திருப்பீர்கள். வாண்டா என்ற ஆர்க்கிட்டின் வேரைக் குறுக்குவெட்டுப் படம் போட்டுப் பாகம் குறிக்கச் சொல்வார்கள். உங்கள் செடியும் வாண்டாவின் உறவுதான். வேரைச் சுற்றி வெள்ளையாக, ஸ்பாஞ்சு மாதிரி இருக்கும் உறைதான் வெலாமன். உயிரற்ற, காலியான செல்களின் அடுக்கு அது. மழை பெய்ததும் கொஞ்ச நேரத்தில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்போது வேர் பச்சையாகத் தெரியும், உள்ளே பச்சையம் இருப்பதால். பிறகு காற்றில் காய்ந்து மறுபடி வெள்ளி நிறத்துக்குத் திரும்பும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். காயவே விடாமல் ஈரத்தில் வைத்தால் அந்த ஸ்பாஞ்சில் காற்றுக்கு இடமில்லை. வேர் மூச்சுமுட்டிச் சாகும், பிறகு பூஞ்சை வந்து மிச்சத்தை முடிக்கும். நீங்கள் தினம் ஊற்றிய தண்ணீரைவிட, அதைப் பிடித்துவைத்துக்கொண்ட மண்தான் அதிகம் கெடுத்தது. அடி இலை மஞ்சளாவதும் அதனால்தான். வேர் போனால் தண்ணீர் ஏறாது. செடி கீழ் இலைகளைக் காவு கொடுத்துக் குருத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது.

மாமியாருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் மாமரத்தில் புல்லுருவி ஏறினால் கிளையே காய்ந்துபோவதை அவர் பார்த்திருப்பார். புல்லுருவி தன் உறிஞ்சு வேரை மரத்தின் கட்டைக்குள் செருகித் தண்ணீரையும் உப்பையும் திருடும். ஆர்க்கிட் வேர் பட்டையின் மேல்தான் ஒட்டிக்கொள்ளும், உள்ளே போகாது. மழைத்தண்ணீர், பட்டையில் வழிந்து வரும் தூசி, மக்கிய இலைத்துகள், இவ்வளவுதான் அதன் சாப்பாடு. திண்ணையில் ஒதுங்கிய வழிப்போக்கன் வீட்டுக்குள் வந்து அடுப்பைத் தொடுவதில்லை. புல்லுருவிக்குத் திண்ணை போதாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். நம்பாவிட்டால் ஒரு வருடம் கழித்து வேரை லேசாகத் தூக்கிக் காட்டுங்கள், கீழே பட்டை முழுசாக இருக்கும்.

இப்போது வேலை. தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, செடியை இழுக்காமல், மண்ணைத் தண்ணீர்விட்டுக் கரைத்து எடுங்கள். இழுத்தால் நல்ல வேரும் முறியும். வேர்களைக் கழுவிய பிறகு ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால், நிறம் பழுப்பாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். அழுத்தியதும் நசுங்கித் தண்ணீர் கசிந்தாலோ, தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினாலோ, அது செத்த வேர். கத்தரிக்கோலை நெருப்பில் காட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, நல்ல பகுதி வரும்வரை வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் மட்டும் சமையலறைப் பட்டைத்தூளைத் தொட்டு வையுங்கள். நல்ல வேரில் பூசாதீர்கள், அது வேரை உலர்த்திவிடும். அழுகல் தண்டு வரை போயிருந்தால் உரக்கடையில் சாஃப் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கேட்டு வாங்கி, லிட்டருக்கு 2 கிராம் கலந்து, செடியைப் பத்து நிமிடம் முக்கி எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு நாள் நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தண்ணீர் விட வேண்டாம். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் மனசு கேட்காது, கொஞ்சமாவது தெளிக்கலாமே என்று தோன்றும். தெளிக்காதீர்கள்.

நல்ல வேர் நான்கைந்து மிஞ்சினால் நேராக மாமரத்துக்குப் போகலாம். ஒன்றிரண்டுதான் மிஞ்சியது என்றால் உடனே மரத்தில் கட்ட வேண்டாம், மதுரைக் காற்று அதைச் சருகாக்கிவிடும். ஒரு காலி மண்தொட்டியின் அடியில் நாலு பெரிய அடுப்புக்கரித் துண்டு போட்டு, செடியின் வேர்ப்பகுதி கரிமேல் படாமல் தொட்டி வாய்க்குள் தொங்கும்படி குச்சியில் கட்டி, நிழலில் வையுங்கள். கரியையும் தொட்டியையும் காலையில் நனைத்தால் போதும், உள்ளே ஈரக்காற்று நிற்கும். நுனி பச்சையாக ஒரு புது வேர் கிளம்பியதும் மரத்துக்கு மாற்றுங்கள். சில சமயம் இரண்டு மூன்று மாதம் ஆகும்.

மாமரம் நல்ல தேர்வு. பலாவும் நல்லது. பட்டை சொரசொரப்பாக இருக்க வேண்டும், உரிந்து விழக் கூடாது. அதனால்தான் கொய்யாவிலும் தைலமரத்திலும் கட்ட வேண்டாம் என்பேன். பிடித்த வேர் பட்டையோடு சேர்ந்து கழன்றுவிடும். மரத்தின் கிழக்குப் பக்கம், உங்கள் தலை உயரத்தில், முதல் கவட்டுக்குக் கீழே இடம் பாருங்கள். எட்டாத உயரத்தில் கட்டியவர்கள் எல்லாம் இரண்டாவது வாரமே தண்ணீர் விட மறந்தார்கள், அனுபவத்தில் சொல்கிறேன். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து இரண்டு விரல் அகல நாடாவாக்கி, செடியின் அடித்தண்டை இறுக்கமாகக் கட்டுங்கள். செடி ஆடினால் புது வேர் நுனி உரசி மழுங்கிவிடும். செம்புக்கம்பி மட்டும் கூடவே கூடாது, அது ஆர்க்கிட்டுக்கு விஷம். குருத்து நேராக வானம் பார்க்க வேண்டாம். கொஞ்சம் வெளியே சாய்த்துக் கட்டினால் மழைத்தண்ணீர் குருத்துக்குள் தேங்காமல் வழிந்துவிடும். ஐப்பசி மழையில் இந்தச் சாய்வுதான் செடியைக் காப்பாற்றும். குருத்து அழுகினால் இந்தச் செடிக்கு வேறு தலை கிடையாது. ஒரே தண்டாக மேலே மேலே வளரும் வகை இது, டென்ட்ரோபியம் ஆர்க்கிட் போலப் பக்கத்தில் குருத்து விட்டுக்கொண்டே இருக்காது.

கட்டுவதற்கு நல்ல நேரம் வேர் நுனிகள் பச்சையாக ஓடும் காலம். மதுரையில் கோடை மழைக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக்காற்று மட்டும் கொஞ்சம் தொந்தரவு. காய்ந்த காற்று பலமாக அடிக்கும் அந்த வாரங்களில் ஒரு பழைய கோணிச்சாக்கை மரத்தில் செடிக்குக் கீழே சுற்றி நனைத்து வைத்தால் சமாளிக்கும்.

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் நான் அளவு சொல்வதில்லை, வேரின் நிறத்தைப் பார்க்கச் சொல்வேன். வேர் வெள்ளியாக இருந்தால் ஊற்றுங்கள், பச்சையானதும் நிறுத்துங்கள். சித்திரை, வைகாசியில் மரத்தில் கட்டிய செடிக்குக் காலை ஒரு முறை, மாலை நாலு மணி வாக்கில் ஒரு முறை தேவைப்படும். இருட்டுவதற்குள் இலைக்கக்கங்கள், அதாவது இலை தண்டோடு சேரும் இடங்கள், காய்ந்துவிட வேண்டும். மழை நாளில் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். மார்கழி, தையில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். இந்தப் பட்டினியை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். குளிர்ந்த, வறண்ட அந்த ஓய்வு கிடைத்தால்தான் செடி பூங்கொத்துக்குத் தயாராகும். ஹாலில் வருடம் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சமும் ஒரே மாதிரி தண்ணீரும் கிடைத்த செடிக்கு, பூக்க வேண்டிய பருவம் இது என்று எப்படித் தெரியும்?

எந்தத் தண்ணீர் என்பது மதுரையில் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. உங்கள் போர்வெல் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காமல் திரிகிறதா? அப்படியானால் அது இந்தச் செடிக்கு ஆகாது. வெலாமனில் உப்பு படிந்து வேர் நுனி கருகும், அப்புறம் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வேர் ஏற்காது. உப்பு அளக்கும் டிடிஎஸ் மீட்டர் யாரிடமாவது இருந்தால் ஒரு தடவை பாருங்கள். 200-க்குக் கீழே என்றால் நிம்மதி, 500-ஐத் தாண்டினால் தொடாதீர்கள். மாடியில் விழும் மழைத்தண்ணீரை ஒரு டிரம்மில் மூடிப் பிடித்து வையுங்கள். ஒரு செடிக்கு அது பல வாரம் வரும். இல்லையென்றால் ஆர்ஓ மெஷினிலிருந்து குடிக்க வரும் நல்ல தண்ணீரில் ஒரு சொம்பு. கழிவாக வெளியேறும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒருவர் வருடக்கணக்கில் அதையே ஊற்றிவிட்டு என்னிடம் வந்து சண்டை போட்டார்.

வெளிச்சத்துக்கு ஒரு எளிய சோதனை. காலை பதினொரு மணிக்கு, செடி இருக்கும் இடத்தில் ஒரு அடி தள்ளிக் கையை நீட்டுங்கள். கை நிழல் மங்கலாக, விளிம்பு கலைந்து விழுந்தால் அந்த இடம் சரி. கறுப்பாகக் கத்தரித்தது போல விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழவில்லையென்றால் உங்கள் ஹால். இலை நிறமும் சொல்லும்: கரும்பச்சையாக, பார்க்கச் செழிப்பாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம், அது பூக்காது. லேசாக மஞ்சள் ஓடிய இளம்பச்சைதான் வேண்டும். ஆனால் ஹாலில் இருந்த செடியை ஒரே நாளில் வெளியே கொண்டுவந்தால் இலை வெந்து வெள்ளைத் தழும்பு விழும். இரண்டு வாரம் வராந்தா நிழலில் பழக்கிவிட்டு மாற்றுங்கள். மாமரம் ரொம்ப அடர்த்தியாக இருந்தால் கிழக்குப் பக்கத்துச் சின்னக் கிளை ஒன்றிரண்டைக் கழித்துவிட்டால் காலை வெயில் உள்ளே வரும்.

உரம் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். தண்ணீரில் கரையும் 19:19:19, லிட்டருக்கு அரை கிராம், பத்து நாளுக்கு ஒருமுறை, வேரை முதலில் நனைத்துவிட்டு அதன்மேல் தெளியுங்கள். மார்கழி, தையில் அதுவும் வேண்டாம். தொழுவுரம், பஞ்சகவ்யம் எல்லாம் மற்ற செடிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாமரத்தில் வைப்பதால் வரும் ஒரு தொல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மா பூக்கும் மாதங்களில் தத்துப்பூச்சி வந்து தேன் போன்ற கழிவை ஒழுகவிடும். அது ஆர்க்கிட் இலையில் விழுந்து கறுப்புப் பூசணம் படியும். நோய் என்று பயப்பட வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தால் மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் அவை பார்த்துப் பார்த்து வளர்க்கும். இலைக்கக்கத்தில் பஞ்சு மாதிரி தெரிந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்து எடுங்கள். மழைக்காலத்தில் நத்தை வரும். பச்சை வேர்நுனி அதற்குப் பலகாரம். டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்குப் போனால் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

எப்போது பூக்கும் என்றால், வேர் இழந்த செடிக்கு இந்த வருடம் எதிர்பார்க்காதீர்கள். முதலில் வேர், பிறகு இலை, கடைசியில்தான் பூ. நல்ல வேரோடு ஒரு முழு மழைக்காலத்தையும் ஒரு மார்கழியையும் மரத்தில் கழித்தால், அதற்கடுத்த பங்குனியில் இலைக்கக்கத்தில் பாருங்கள். வேரும் பூங்கொத்தும் ஒரே மாதிரித்தான் தண்டைத் துளைத்துக்கொண்டு வரும். நுனி வழவழவென்று மொட்டையாக இருந்தால் வேர். செதில் செதிலாக அடுக்கியிருந்தால் பூங்கொத்து.

தம்பியிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். பாசத்தோடு கொண்டுவந்திருக்கிறார், சரி. ஆனால் இன்னொன்று வேண்டாம். சாலையோரத்திலும் சந்தையிலும் விற்கும் மரஆர்க்கிட்களில் பல, காட்டு மரத்திலிருந்து பிய்த்தவை. வேரில் பட்டைத்துண்டு ஒட்டியிருக்கும், வேர்கள் பாதியில் அறுந்திருக்கும், இலைகளில் பழைய தழும்பும் பாசியும் இருக்கும். இந்தச் செடியின் விதை தூசி மாதிரி, உள்ளே சேமித்த உணவு கிடையாது. ஒரு பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் காட்டில் முளைக்கும். லட்சக்கணக்கில் பறந்து ஏதோ ஒன்று செடியாகும், அது பூக்கவே பல வருடம் ஆகும். அதைப் பிய்ப்பது ஒரு நிமிட வேலை. சர்க்கரையும் உப்புகளும் கலந்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதையைப் பூஞ்சையில்லாமலே முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டிய பிறகு, ஆய்வகத்துக் குடுவைச் செடிகள் கிடைக்கின்றன. வேண்டுமென்றால் அப்படி வளர்த்து விற்கும் நாற்றங்காலில் கேட்டு வாங்குங்கள். வால்பாறைப் பக்கம் போகும்போது மரத்தில் பார்த்தால் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்; காப்புக்காட்டில் கை வைத்தால் வனத்துறை வழக்குப் போடும், போட வேண்டியதும்தான். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் மரத்தில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். நான் இவ்வளவு எழுதியதை அரை மணி நேரத்தில் புரிந்துகொள்வீர்கள்.

கடைசிக் கேள்வி: தலையில் வைக்கலாமா? தாராளமாக. செடியிலேயே விட்டால் இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் நிற்கும். அதனால் பத்து நாள் பார்த்து ரசித்துவிட்டு, கொத்தின் நுனிவரை எல்லாப் பூவும் விரிந்த பிறகு, காம்பை அடியில் வெட்டுங்கள். ஒருமுறை பூத்த காம்பு மறுபடி பூக்காது, அதனால் வெட்டுவதில் செடிக்கு நஷ்டமில்லை. மல்லிகை மாதிரி ஆளைத் தூக்கும் வாசம் எதிர்பார்க்காதீர்கள், பக்கத்தில் வந்தால்தான் தெரியும். சரத்தின் எடையில் ஊசி நிற்காது. அசாமியப் பெண்கள் செய்வதுபோல் கொண்டையைச் சுற்றி வளைத்து வைத்தால் நிற்கும்.